ஆடு புலி ஆட்டம் செய்திருக்கிறேன்: விளம்பரத்துக்குக் காசு போடவா, புதிய சாதனத்துக்கு மாற்றவா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல், வயது 28. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரவிலும் விடுமுறை நாளிலும் உட்கார்ந்து, ஆடு புலி ஆட்டத்தை ஆண்ட்ராய்டு கேமாகச் செய்து வருகிறேன். இருவர் ஒரே போனில் ஆடலாம், போனை எதிர்த்தும் ஆடலாம், கூடவே 60 புதிர்கள். முக்கால்வாசி முடிந்துவிட்டது. கையில் 2 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ஓர் ஏஜென்சி ஒன்றரை லட்சம் கொடுத்தால் 50,000 இன்ஸ்டால் உறுதி என்கிறது. நண்பனோ, பிளே ஸ்டோரில் லட்சக்கணக்கில் கேம்கள் குவிந்து கிடக்கின்றன, உன்னுடையதை யாரும் பார்க்கப்போவதில்லை, தலையில் மாட்டிப் பார்க்கும் விஆர் ஹெட்செட்டுக்கோ மடக்கு போனுக்கோ செய், அங்கே போட்டியே இல்லை என்கிறான். எதில் காசு போடுவது? கேமை இலவசமாகத் தருவதா, விலை வைப்பதா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

அந்த ஏஜென்சிக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் மற்றதையெல்லாம் நிதானமாக யோசிக்கலாம். இது ஒன்றுதான் அவசரம்.

ஒரு கேமை இறக்குவதும் இறக்காததும் போன் வைத்திருப்பவரின் விருப்பம். அதற்கு வெளியாள் யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கொடுக்கிறார்கள் என்றால், ஒன்று போலிக் கணக்குகளை வைத்து இறக்குகிறார்கள், இல்லை காசு கொடுத்து ஆட்களை இறக்க வைக்கிறார்கள். இப்படி எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது கூகுள் பிளே விதிப்படி குற்றம். பிடிபட்டால் கேம் போகும், டெவலப்பர் கணக்கும் சேர்ந்து போகலாம். கணக்கு திறக்க 25 டாலர்தானே, வேறொன்று திறந்துகொள்வோம் என்று நினைத்துவிடாதீர்கள். முடக்கப்பட்டவரோடு தொடர்புள்ள புதிய கணக்குகளையும் கண்டுபிடித்து மூடுவது அவர்கள் வழக்கம். இதில் ஏஜென்சிக்கு எந்த இழப்பும் கிடையாது. உங்கள் பெயர்தான் கெடும்.

பிடிபடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 50,000 பேரும் கேமைத் திறந்துகூடப் பார்க்காமல் நீக்கிவிட்டுப் போவார்கள். எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதோடு, எத்தனை பேர் போனில் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் மறுநாள் திரும்ப வருகிறார்கள் என்பதையும் ஸ்டோர் பார்க்கிறது. நிஜமாகவே ஆட வந்த சில நூறு பேருடைய நல்ல தடம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

சரி, போலி வேண்டாம், கூகுளிலோ இன்ஸ்டாகிராமிலோ முறையாக விளம்பரம் கொடுக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒருவரைக் கொண்டுவர 10 ரூபாய் ஆகிறது, அவர் கேமை நீக்கும்வரை விளம்பரம் பார்ப்பதில் உங்களுக்கு 2 ரூபாய் வருகிறது என்றால், ஒவ்வொரு ஆளுக்கும் 8 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஆள் கூடக் கூட நஷ்டமும் கூடும். பெரிய நிறுவனங்கள் விளம்பரத்தில் கோடிகளைக் கொட்டக் காரணம், ஓர் ஆளிடமிருந்து திரும்பி வருவது கொட்டியதைவிட அதிகம் என்று அவர்கள் அளந்து வைத்திருப்பதுதான். அவர்களுக்கே 2021 ஏப்ரலில் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 14.5 இயங்குதளத்துக்குப் பிறகு இந்தக் கணக்கு கடினமாகிவிட்டது. ஒருவரை ஆப் விட்டு ஆப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் சொன்னது, பெரும்பாலோர் முடியாது என்றார்கள், யாருக்கு எந்த விளம்பரம் காட்டுவது என்று குறிபார்ப்பது மங்கிப்போனது. நாம் தனி ஆள். விளம்பர இடத்துக்காக அவர்கள் போட்டி போடும் ஏலத்தில் போய் நிற்கக் கூடாது. அளந்து பார்ப்பதற்காகச் சில ஆயிரம் ரூபாய் செலவிடுவது வேறு விஷயம். அதையும் கேம் வெளிவந்து, வந்தவர்கள் தங்குகிறார்களா என்று தெரிந்த பிறகு செய்யுங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். எனக்கு இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

"புதிய சாதனத்தில் போட்டி இல்லை" என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 ஆப்கள். முதல் வார இறுதியிலேயே 1 கோடி முறை ஆப்கள் இறக்கப்பட்டன. கடை காலி, வாசலில் கூட்டம். ஒரு வங்கியின் ஏடிஎம் மென்பொருளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் டிமீட்டர், ஓய்வு நேரத்தில் செய்த டிரிஸம் என்ற புதிர் கேமை 5 டாலர் விலையில் அன்றைக்கு வைத்தார். போனைச் சாய்த்தால் கட்டங்கள் சரியும் கேம் அது. இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் டாலர் வந்தது. நண்பர் மனத்தில் இருப்பது இந்த மாதிரிக் கதையாகத்தான் இருக்கும்.

அடுத்து ஊயாவைப் பாருங்கள். 2012-ல் கிக்ஸ்டார்டர் என்ற பொதுமக்கள் நிதி தரும் தளத்தில் 85 லட்சம் டாலர் திரட்டி, 2013-ல் 99 டாலருக்கு விற்பனைக்கு வந்த பெட்டி. ஆண்ட்ராய்டில் ஓடும், டிவியில் மாட்டி ஆடலாம், யார் வேண்டுமானாலும் கேம் வெளியிடலாம். தனி டெவலப்பர்கள் ஆசையாக ஓடினார்கள். கேம் செய்தவர்கள் இருந்தார்கள், பெட்டியை வாங்கி அதில் காசு கொடுத்து ஆடுகிறவர்கள் போதுமான அளவு வரவில்லை. 2015-ல் ரேசர் நிறுவனம் அதன் மென்பொருள் பகுதியை வாங்கிக்கொண்டது, 2019 ஜூனில் சர்வரையே நிறுத்திவிட்டார்கள். கேமை இணையம் வழியாகவே ஆட வைத்த கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் மூடப்பட்டது. போனைச் செருகிப் பார்க்கும் டேட்ரீம் ஹெட்செட் அதைவிடச் சீக்கிரம் போய்விட்டது. ஆப்பிளின் விஷன் புரோ ஹெட்செட் 2024 பிப்ரவரியில் 3,499 டாலர் விலையோடு வந்தது. அந்த விலைக்கு வாங்கியவர்கள் எத்தனை பேர், அதில் ஆடு புலி ஆட்டம் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

ஐபோன் கதைக்கும் ஊயா கதைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். போனை மக்கள் பேசுவதற்கும் படம் எடுப்பதற்கும் எப்படியும் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு, நேரம் போக என்ன ஆடலாம் என்று தேடுகிறார்கள். கேமுக்கு ஆள் சேர்க்கும் செலவு நம் தலையில் விழுவதில்லை. கேம் ஆடுவதற்கென்றே வாங்க வேண்டிய சாதனம் என்றால், முதலில் அந்தச் சாதனத்தை விற்றாக வேண்டும். அது கம்பெனியின் வேலை. அவர்கள் விற்காவிட்டால் நம் இரண்டு வருட உழைப்பும் அதோடு சேர்ந்து போகும். அதனால் புதிதாக எது வந்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: வேறு காரணத்துக்காக இதை ஏற்கெனவே நிறையப் பேர் வாங்கிவிட்டார்களா, வாங்கியவர் இதில் என்ன ஆடலாம் என்று கையை நீட்டுகிறாரா?

ஆப்பிள் வாட்சுக்கு முதல் பாதி உண்டு, இரண்டாம் பாதி இல்லை. கோடிக்கணக்கான பேர் கட்டியிருக்கிறார்கள், மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேம் ஆடுகிறவர் அபூர்வம். 2015-ல் அதில் பெயர் வாங்கிய லைஃப்லைன், வெறும் எழுத்தால் ஆன கதை. தொலைதூர நிலவு ஒன்றில் மாட்டிக்கொண்டவர் அவ்வப்போது செய்தி அனுப்புவார், நாம் இரண்டில் ஒரு பதிலைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பார்வை, ஒரு தொடல் என்பது வாட்சுக்கு அமைந்தது. அந்தக் கேம் போனிலும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வாட்ச் அதற்கு ஒரு கூடுதல் வாசல்.

மடக்கு போனை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்கென்று தனிப் பதிப்பு செய்யாதீர்கள். ஆனால் உங்கள் கேம் பலகை ஆட்டம். போனைத் திறந்தால் திரை கிட்டத்தட்டச் சதுரமாகிவிடுகிறது. மேசை மேல் படுக்க வைத்து, இந்தப் பக்கம் ஆட்டுக்காரர், அந்தப் பக்கம் புலிக்காரர் உட்கார்ந்தால் பலகை நடுவில் அழகாக உட்காரும். 2010-ல் ஐபேட் வந்தபோது ஸ்மால் வேர்ல்டு மாதிரி பலகை ஆட்டங்களுக்கு அது பொருந்தியதற்குக் காரணமும் இதுதான். இருவர் நடுவே தரையில் வைக்க முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு எழுத்தும் பொத்தான்களும் நேராகத் தெரியும்படி தலைகீழாகத் திருப்பிக் காட்டும் ஒரு மேசை முறையைச் சேருங்கள். சில நாள் வேலை. குறைந்த விலை டேப்லெட்டுகளிலும் அதே வேலை பலன் தரும். வீட்டில் குழந்தைகளுக்கென்று டேப்லெட் வாங்கியவர்கள்தான் உங்களுக்கு முக்கியம், மடக்கு போன் வைத்திருப்பவர்கள் கூடவே வரட்டும்.

இதில் சின்னதாக ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைத்துச் செய்யும் ஆப்கள் பெரிய திரையில் "நிமிர்த்தி மட்டும்தான் காட்டுவேன்" என்று அடம்பிடிக்க முடியாது, எந்த அளவுக்கும் நீண்டு கொடுக்க வேண்டும். கேம்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் ஆப் ஒரு கேம் என்பதை ஆப்பின் விவரங்கள் அடங்கிய மேனிஃபெஸ்ட் கோப்பில் ஆப் வகையாகக் குறித்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியை மறந்தால் டேப்லெட்டில் பலகை தாறுமாறாக இழுபடும்.

உண்மையில் நீங்கள் நேரம் செலவிட வேண்டிய சாதனங்கள் உங்கள் சொந்தக்காரர்கள் கையில் இருக்கின்றன. அம்மாவின் போன், சித்தப்பா கடையில் வைத்திருக்கும் போன், பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போன். 3 ஜிபி ராம், நிரம்பி வழியும் ஸ்டோரேஜ், ஓரம் விரிசல் விட்ட கண்ணாடி. அதில் உங்கள் கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் அவர்கள் கட்டை விரலை மட்டும் பாருங்கள்.

என்ன பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். ஆடு புலி பலகையின் இரு ஓரப் புள்ளிகள் திரையின் விளிம்பை ஒட்டி இருந்தால், அங்கிருந்து ஆட்டை உள்ளே இழுக்கும்போது போன் அதைப் "பின்னால் போ" என்று எடுத்துக்கொள்ளும். 2019-ல் ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த விளிம்பு இழுப்பு அது. ஜெயிக்கப்போகிற நேரத்தில் கேமை மூடவா என்று பெட்டி வந்து நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பலகையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். இடைநிறுத்தும் பொத்தானைத் திரையின் உச்சியில் வைத்தால் சில போன்களில் கேமராத் துளை அதன் மேலேயே உட்காரும். அடுத்தது, புலி பாயும் வேகம். நீங்கள் விநாடிக்கு 60 முறை படம் (ஃபிரேம்) மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் பார்த்து, ஒரு ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று நகர்த்தியிருந்தால், 120 ஹெர்ட்ஸ் திரையில் புலி இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். ஆடு வெட்டுப்பட்டதே கண்ணுக்குத் தெரியாது. இப்போது நடுத்தர விலை போன்களிலேயே 90, 120 ஹெர்ட்ஸ் திரைகள் வருகின்றன. நகர்வைக் கடந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள், ஃபிரேம் எண்ணிக்கையை வைத்து அல்ல. அப்புறம், மதிய வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். பச்சைத் தரை மேல் பழுப்பு ஆடும் பழுப்புப் புலியும் இருந்தால் எது எது என்று தெரியாது.

இதெல்லாம் தொழில்நுட்பம், நான் கேட்டது விளம்பரம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் பிளே ஸ்டோரில் நேரடியாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. ஒரு நாளில் ஆடுகிறவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் கேம் நின்றுபோவதைப் பார்த்தாலோ, 0.47 சதவீதத்துக்கு மேல் திரை உறைந்து நிற்பதைப் பார்த்தாலோ, ஸ்டோரில் உங்கள் கேம் கண்ணில் படுவது குறையும். ஏதாவது ஒரு மாடல் போனில் மட்டும் அது 8 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்குக் காட்டுவது குறையும், பக்கத்தில் எச்சரிக்கை வாசகமும் வரலாம். நம் ஊரில் அதிகம் விற்ற ஒரு போனில் இது நடந்தால், ஒன்றரை லட்சத்துக்கு விளம்பரம் கொடுத்தும் பயன் இல்லை. இன்னொன்று: 2025 நவம்பரிலிருந்து, ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைக்கும் புதிய ஆப்களும் அப்டேட்களும் 16 கேபி மெமரி பக்கங்களை (போன் நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகப் பிரிக்கும் முறையை) ஆதரிக்க வேண்டும். யூனிட்டி, கோடோ போன்ற கேம் எஞ்சின்களில் எதில் செய்திருந்தாலும் எஞ்சினையும் விளம்பரச் செருகிகளையும் புதுப்பித்துவிடுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய இரவில் இதைக் கண்டுபிடித்தால் அழுகை வரும்.

அப்படியானால் ஆள் எப்படி வரும்? ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 2014 பிப்ரவரியில் ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் ஆகியோர் த்ரீஸ் என்ற எண் புதிரை ஐபோனில் வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் செதுக்கிய கேம், விலை 2 டாலருக்குள். நல்ல பெயர் வந்தது. மார்ச்சில், கேப்ரியேல் சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் 2048-ஐ எழுதி இணையத்தில் வைத்தார். அது அதே குடும்பத்தைச் சேர்ந்த புதிர், ஆழம் குறைவு. ஆனால் இலவசம், பிரௌசர் இருக்கும் எந்தக் கருவியிலும் ஓடும், ஒரு இணைப்பை அனுப்பினால் அடுத்த நிமிடம் நண்பர் ஆடிக்கொண்டிருப்பார். உலகம் முழுக்க அதுதான் பரவியது. த்ரீஸ் ஆண்ட்ராய்டுக்கு வந்ததே அந்த மார்ச்சில்தான். த்ரீஸ்தான் மேலான கேம் என்பது என் கருத்து, இன்றைக்கும் அதைத்தான் ஆடுகிறேன். ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் "இதைப் பாரேன்" என்று சொன்ன நொடியில், அந்த இன்னொருவரின் கையில் இருந்த கருவியில் 2048 இருந்தது.

இதனால்தான் விளம்பரமும் சாதனமும் இரண்டு கேள்வி இல்லை என்று சொல்கிறேன். உங்கள் கேமை ஆடுகிறவர் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டும்போது, அவர் போனிலும் அது ஓட வேண்டும், அதுவும் உடனே. நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. நவி மும்பையில் விகாஷ் ஜெய்ஸ்வாலின் சிறிய நிறுவனம் 2016-ல் வெளியிட்ட லூடோ கிங், 10 கோடி இறக்கங்களைத் தாண்டிய முதல் இந்தியக் கேம் என்று பேசப்பட்டது. விதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை, நெட் இல்லாமல் ஓடும், ஒரே போனைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம். 2020 ஊரடங்கில் அது எங்கேயோ போய்விட்டது. உங்களிடம் இருப்பதும் அதே வகைச் சொத்து. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. பாட்டி தரையில் கோடு கிழித்து ஆடியது. அதற்காக லூடோ கிங் மாதிரி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆடத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கிறார்கள், உங்கள் வேலை அவர்களைக் கண்டுபிடிப்பது. கேம் சேனல்காரர்களுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களைப் பார்ப்பவர்கள் துப்பாக்கிச் சண்டை பார்க்க வந்தவர்கள். மரபு விளையாட்டு கற்றுத்தரும் ஆசிரியர்கள், கிராமத்து வாழ்க்கையைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு நம் ஊர் ஆட்டம் சொல்லித்தர ஆசைப்படும் பெற்றோர், இவர்களுக்கு ஒருவர் ஒருவராக எழுதுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள்.

பழைய கோயில் மண்டபங்கள் பலவற்றில் கல் தரையிலேயே ஆடு புலிக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுமதி கேட்டு, அந்தக் கல் கட்டத்துக்குப் பக்கத்தில் போனை வைத்து, புளியங்கொட்டையால் ஒருவரும் திரையில் ஒருவரும் அதே நகர்வை ஆடுவதை 15 விநாடி நிமிர்ந்த வீடியோவாக எடுங்கள். முதல் இரண்டு விநாடியில் புலி ஆட்டைத் தாண்ட வேண்டும். உங்கள் பெயரும் லோகோவும் கடைசியில் வந்தால் போதும். ஏஜென்சி கேட்ட ஒன்றரை லட்சத்தைவிட இந்த ஒரு வீடியோ அதிகம் செய்யும் என்று நம்புகிறேன்.

ஸ்டோர் பக்கத்தையும் கேமின் ஒரு பகுதியாக நினைத்துச் செய்யுங்கள். ஐகானில் முழுப் பலகையையும் வரைந்தால் போன் திரையில் அது சிலந்தி வலை மாதிரிதான் தெரியும். ஒரு புலி முகம் போதும். பிளே ஸ்டோரில் தலைப்புக்கு 30 எழுத்து, சிறு விவரிப்புக்கு 80 எழுத்துதான் இடம். அதில் "அற்புதமான", "அசத்தலான" எல்லாம் வேண்டாம், இருவர் ஆடலாம், நெட் வேண்டாம், 60 புதிர்கள் என்று எழுதுங்கள். முதல் மூன்று ஸ்கிரீன்ஷாட்டைத் தாண்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. மெனுவைக் காட்டி அதை வீணாக்காதீர்கள். ஆடு புலி ஆட்டத்தை நம் மக்கள் ஆங்கில எழுத்தில்தான் அதிகம் தேடுவார்கள், ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். விவரிப்பில் இரண்டு மூன்று விதமும் இயல்பாக வரட்டும். தெலுங்கில் புலி மேக்க, நேபாளத்தில் 4 புலி 20 ஆட்டோடு பாக் சால் என்று இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு, கன்னடம், நேபாளி மொழிகளில் ஸ்டோர் பக்கத்தை மொழிபெயர்த்துப் போட பிளே ஸ்டோர் இடம் தருகிறது. அந்த மொழி பேசும் ஒருவருக்குக் கூலி கொடுத்து எழுதி வாங்குங்கள். உங்கள் 2 லட்சத்தில் நான் மனமாரச் செலவிடச் சொல்வது இதற்கும், நல்ல ஓவியர் ஒருவர் வரையும் ஐகானுக்கும், சோதித்துப் பார்க்க இரண்டு பழைய போன்களுக்கும்தான்.

பிளே ஸ்டோரில் தனிநபர் டெவலப்பர் கணக்கை 2023 நவம்பருக்குப் பிறகு திறந்திருந்தால், வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ச்சியாக மூடிய சோதனை (அழைத்தவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) நடத்த வேண்டும். இதைத் தொல்லையாக நினைத்து, "நான் உன்னுடையதை இறக்குகிறேன், நீ என்னுடையதை இறக்கு" என்று டெலிகிராம் குழுக்களில் ஆள் பிடிக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆட்டம் தெரிந்த பெரியவர்கள் ஆறு பேர், விதியே தெரியாத இளையவர்கள் ஆறு பேர் என்று சேருங்கள். தெரியாதவர்கள் எந்த இடத்தில் விழிக்கிறார்கள் என்பது, பயிற்சிப் பகுதியில் எதைத் திருத்த வேண்டும் என்று காட்டிவிடும். தெரிந்தவர்களோ "எங்கள் ஊரில் இப்படி இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை நல்லது. ஊர் வழக்கங்களை விருப்பத் தேர்வாகச் சேர்த்துவிட்டால், அவரே பத்துப் பேருக்குச் சொல்வார்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவர் ஆடுவதும் முதல் 15 புதிர்களும் இலவசம், மீதி மொத்தமும் ஒரே முறை கட்டும் சிறு தொகைக்கு. யுபிஐயில் கட்ட முடிவதால் முன்பைவிட இது நம் ஊரில் நடக்கிறது. கட்டுவதில், ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை, 15 சதவீதத்தை கூகுள் எடுத்துக்கொள்ளும். தோற்றவுடன் முழுத்திரை விளம்பரம் காட்டாதீர்கள். குறிப்பு வேண்டும் என்று அவரே கேட்டால் ஒரு விளம்பரம், அவ்வளவு போதும். யாராவது வந்து பந்தயம் வைத்து ஆடும் வசதி சேர்த்தால் காசு கொட்டும் என்று சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது.

வேலையை விட வேண்டாம். இந்தக் கேம் சம்பளம் தருமா என்று வெளிவந்த பிறகுதான் தெரியும், அதுவும் உடனே தெரியாது. அமாங் அஸ் என்ற கேம் 2018 ஜூனில் வெளிவந்தது. அதைச் செய்தது மூன்று பேர் கொண்ட குழு. இரண்டு வருடம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, 2020-ல் நேரலையில் ஆடிக் காட்டுகிறவர்கள் கையில் கிடைத்துப் பறந்தது. அதுவரை அவர்கள் கேமைக் கைவிடாமல் சரிசெய்து வந்தார்கள். அப்படிக் காத்திருக்க ஒருவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். வீட்டு வாடகை நெருக்கும்போது, தோற்றவுடன் விளம்பரம் காட்டும் ஆசை யாருக்கும் வரும். சம்பளம் இருக்கும்வரை உங்கள் கேமை நீங்கள் கெடுக்க வேண்டியிருக்காது. வெளிவந்து ஒரு வருடம் கழித்து, உங்கள் வீட்டுச் செலவில் பாதியாவது ஆறு மாதம் தொடர்ந்து இதிலிருந்து வந்தால், அப்போது மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

சோதனை தொடங்கும்போது, இந்தப் பகுதியின் முகவரிக்கே எனக்கும் இணைப்பை அனுப்புங்கள். என்னிடம் 3 ஜிபி ராமோடு ஒரு பழைய போனும் 120 ஹெர்ட்ஸ் திரையோடு ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் ஆடிப் பார்த்து, புலி எங்கே தடுமாறுகிறது என்று விரிவாக எழுதுகிறேன்.